படகுக் கூரையின் பின்பக்கம்

படகுத்துறையில் அவனை நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, தெருவில் நடக்கும்போதுகூட முகவாய் ஒரு விரல்கடை தூக்கியே இருக்கும். ஆள் நல்லவன்தான், கெட்டிக்காரன்தான். ஒரே ஒரு வியாதி. தன்னிடம் இருப்பது சகலையிடம் இருப்பதைவிட ஒரு மாற்றுக் குறைந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதன். இருவரும் ஒரே நாளில், ஒரே ஆளிடமிருந்து, ஒரே அச்சில் செய்த இரண்டு பழைய பாய்மரப் படகுகளை வாங்கினார்கள். நாலு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு வைக்கலாம், அவ்வளவுதான் படகு. வாங்கியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்தார்கள். நெட்டைக்கு அன்று பிடித்தது சனி.

முதலில் வம்பு வந்தது கேபின் கூரையில். பழைய படகுகளில் கூரையின் உட்புறம் ஃபோம் வைத்த ரெக்சினை ஒட்டியிருப்பார்கள். புதுசில் மெத்து மெத்தென்று அழகாக இருக்கும். வயசானால் உள்ளே இருக்கிற ஃபோம் பொடிந்து பழுப்பு மாவாகிவிடும், ரெக்சின் பிடி விட்டுப்போய்த் தொப்பை போட்டுத் தொங்கும். அந்த வருஷம் காற்றுக்காலம் தொடங்கியதும், விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் இருக்கிற சின்னத் தீவுக்கு இரண்டு குடும்பங்களும் கிளம்பின. நெட்டையின் மனைவி காலையில் கண் விழித்தபோது ரெக்சின் தொப்பை அவள் மூக்கில் இடித்துக்கொண்டு நின்றது. தலைமுடியெல்லாம் பழுப்பு மாவு. டீயில் மாவு. தலையணையில் மாவு.

"இந்தக் கூரை மாறுற வரைக்கும் இந்தப் படகுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். கார், பஸ்களுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் தலைமைத் தையல்காரி அவள். ரெக்சினோடும் ஃபோமோடும் பிழைக்கிறவள். அதனால் வெறுமனே மிரட்டிவிட்டுப் போகாமல் வழியும் சொன்னாள். "மெல்லிசு பிளைவுட்டத் துண்டு துண்டா வெட்டிக் குடுங்க. நான் மெல்லிசா பஞ்சு வச்சு, நல்ல துணியா போத்தித் தைச்சுத் தரேன். மேல மாட்டிக்கலாம்."

அப்போது தீவின் படகுத்துறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேர் நின்றால் நெட்டைக்கு வாய் சும்மா இருக்காது. "இது படகும்மா. பஸ் சீட்டு இல்ல" என்றான். நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தலையில் இருந்த மாவை உதறிவிட்டுத் தங்கையின் படகில் போய் ஏறிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது நெட்டை தனியாக வந்தான். பக்கத்துப் படகில் அவள் தங்கையோடு உட்கார்ந்து ஏதோ கதை பேசிக்கொண்டு வந்தாள். சகலையின் படகிலும் அதே பழைய ரெக்சின்தான் தொங்கியது. அது தெரிந்தும் அவள் அங்கே போய் உட்கார்ந்தாளே என்பதுதான் இவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த காற்றுக்காலத்துக்குள் அவளை மறுபடி தன் படகில் ஏற்றியே தீருவது என்று அப்போதே முடிவு செய்தான்.

ரெக்சினைக் கிழித்தான், பசையைச் சுரண்டினான், வெள்ளைப் பெயின்ட் அடித்தான். பளிச்சென்று இருந்தது. ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தான். மூச்சுக்காற்றெல்லாம் கூரையில் வேர்த்து, விடியற்காலை நெற்றியில் சொட்டியது. பெயின்ட் உதவாது என்று கார்ப்பெட் ஒட்டினான். வேர்வை நின்றது, வாடை வந்தது. மழையில் நனைந்த நாயைப் பக்கத்தில் படுக்க வைத்த மாதிரி ஒரு வாடை. அதையும் கிழித்தான். அப்புறம் குளியலறைச் சுவருக்கு அடிக்கிற பி.வி.சி. ஷீட். துடைத்தால் போதும், வாடை கிடையாது. ஆனால் படகு அசையும்போதெல்லாம் யாரோ பொட்டலம் பிரிக்கிற மாதிரி நொறுநொறு என்று சத்தம். மச்சினி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பாத்ரூமுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்றாள். மறுநாளே அதுவும் குப்பைக்குப் போனது.

இத்தனைக்கும் நடுவில் காற்றுக்காலம் வந்து போய்விட்டது. அந்த முறையும் அவள் தங்கையின் படகில்தான் போனாள்.

கடைசியாக நெட்டை மரவேலையில் இறங்கினான். விரல் அகலப் பலகைகள், ஒன்றோடு ஒன்று கொக்கி போட்ட மாதிரி பொருந்துகிற வகை. கூரையில் சட்டம் அடித்து, சட்டத்தின் மேல் பலகை அடித்து, ஒரு ஸ்க்ரூ தலைகூட வெளியே தெரியாமல் மரக்கட்டை வைத்து அடைத்து, வார்னிஷ் பூசினான். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்ததிலிருந்து அதே வேலை. வீட்டில் மனைவி அந்த மாதங்களில் கடையிலிருந்து பொழுது சாய்ந்தே வந்தாள். "என்ன?" என்று கேட்டதற்கு "அவசர ஆர்டர்" என்றாள். இவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணுக்குள் பலகைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் லிஃப்ட் கம்பெனியில் இவன் சட்டையைப் பார்த்துக் கேலி செய்தார்கள். கையை மடித்துவிட்டால் வெள்ளைச் சட்டையின் உள்மடிப்பில் சிவப்பு நூல் தையல். வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

"வெளிய தெரியுதா? உள்ளதானே" என்றாள் மனைவி. "பஸ் சீட்டுக்குப் போட்ட நூல் மிஷின்ல மிச்சம் இருந்துச்சு. வீட்டு ஆளுங்களுக்கு உள்பக்கம் மிச்ச நூல்தான். வாடிக்கைக்காரங்களுக்குத்தான் உள்ளயும் வெளியயும் ஒரே நூல். அவங்கதான் பிரிச்சுப் பாப்பாங்க."

மரக்கூரை முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க ராஜா வீட்டு மரப்பெட்டிக்குள் இருப்பது போல் இருந்தது. ஆனால் சட்டமும் பலகையுமாகச் சேர்ந்து இரண்டு விரல்கடை உயரத்தை விழுங்கியிருந்தன. முன்பு தலை கூரையை முத்தமிடும் அளவுக்கு நிமிர்ந்து நின்றவன், இப்போது கூனிக்கொண்டு நடந்தான். மறந்து நிமிர்ந்தால் நச்சென்று ஒரு இடி. போதாததற்கு, ஒரு இடத்தில் ஸ்க்ரூ நீளமாகப் போய் மேல்தளத்தையே துளைத்துவிட்டிருந்தது. மழை பெய்தால் அடுப்பின் மேல் ஒரு சொட்டு. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும் வழியில்லை. ஒரு பலகையைக்கூட உடைக்காமல் கழற்ற முடியாத அளவுக்கு அவன் வேலை சுத்தம். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "அதனால என்ன, மரம் மரம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம்தான் சகலை, "அண்ணே, நம்ம படகையும் கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டான்.

நெட்டை உள்ளே எட்டிப் பார்த்தான். கூரை முழுக்கப் பால் வெள்ளையில்லாத ஒரு மங்கல் வெள்ளைத் துணி, சின்னச் சின்னப் பலகைகளாக. பாய்மரத் தூணைச் சுற்றி ஒரு சுருக்கம் இல்லை. ஜன்னல் வளைவில் ஒரு தொய்வு இல்லை. வேர்வை இல்லை, வாடை இல்லை, சத்தம் இல்லை. சகலை பேசினால் குரல்கூடத் தணிந்து கேட்டது. இவன் நிமிர்ந்து நின்றான். இடிக்கவில்லை. அதுதான் அவனை எரித்தது.

"எல்லாம் ஒட்டுப்பட்டைல நிக்குது அண்ணே" என்றான் சகலை. "பிள்ளைங்க ஸ்கூல் பைல பர்ருன்னு பிரியுமே, அது. மேல ஏதாவது நட்டு லூசானா அந்த இடத்துப் பலகைய மட்டும் பிரிச்சு முடுக்கிட்டு மறுபடி ஒட்டிக்கலாமாம்."

"யாரு செஞ்சது?"

"நமக்கு வேண்டியவங்கதான்."

"ஆள் பேரச் சொல்லுப்பா."

"சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அண்ணே" என்று சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பேச்சை மாற்ற வேண்டுமானால் அவன் அதைத்தான் செய்வான்.

நெட்டை வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை. "கையா அது! எவனோ பெரிய வேலைக்காரன். கூலி என்ன கேட்டாலும் குடுத்துக் கூட்டிட்டு வந்துருவேன். இந்தக் கஞ்சன் பேரையே சொல்ல மாட்டேங்கிறான். எங்க நமக்கும் அமைஞ்சிடுமோன்னு வயித்தெரிச்சல் அவனுக்கு" என்றான். வயிற்றெரிச்சல் யாருக்கு என்று கேட்டால் கேட்டவனுக்குத்தான் வம்பு.

"அப்படியா" என்றாள் மனைவி. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"நீ பாத்தியா அத?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"சுமாரா இருக்கு. ஒரு மூலைல இழுப்பு பத்தல."

அந்த ஒரு மூலையைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் இவன் புரிந்துகொண்டான். அன்றைக்குப் படுத்துக்கொண்டு, இனி ஆயுசுக்கும் அவள் சகலையின் படகில்தான் போவாள், நாம் மரப்பெட்டிக்குள் கூனிக்கொண்டு தனியாகப் போவோம் என்று நினைத்து நினைத்துப் பொசுங்கினான்.

இரண்டு படகுகளின் சாவியும் இருவரிடமும் உண்டு. ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. தீவுப் பயணத்துக்கு முந்தின வாரம், சகலை கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நெட்டை தண்ணீர் இறைக்கிற சாக்கில் அவன் படகுக்குள் இறங்கினான். தண்ணீரே இல்லை. இவனுக்கு வேண்டியது தண்ணீரா? எப்படிச் செய்திருக்கிறான் அந்தப் பெயர் தெரியாதவன் என்று தெரிய வேண்டும். தெரிந்தால் தானே செய்துவிடலாம். ஒரு நாளைக்குப் பத்து லிஃப்ட் கூரையைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இது ஒரு கம்பசூத்திரமா?

பாய்மரத் தூணுக்குப் பக்கத்துப் பலகையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். பர்ர் என்று பிரிந்தது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பலகையைத் திருப்பினான்.

துணியை முன்னாலிருந்து பின்னால் இழுத்து, ஓரத்துக்கு ஓரம், குறுக்கும் நெடுக்குமாகக் கைத்தையல் போட்டு இறுக்கியிருந்தது. கட்டில் கயிறு பின்னின மாதிரி நெருக்கமாக. அத்தனையும் சிவப்பு நூல்.

நெட்டை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, தன் சட்டைக் கையை மடித்து உள்தையலைப் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

அவசர ஆர்டர்.

இத்தனை நாள் சகலையின் கூரை மேல் இருந்த பொறாமை ஒரு நொடியில் செத்தது. செத்த இடத்தில் இன்னொன்று எழுந்தது, அது அதைவிடப் பொல்லாதது. துணியும் பஞ்சும் கிடக்கட்டும். அந்தச் சிவப்பு நூல் தன்னுடையது என்றுதான் அவன் நினைத்திருந்தான். வீட்டு ஆளுங்களுக்கு என்று அவள் சொன்னாளே, அந்த வீட்டு ஆள் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தான். கம்பெனியில் கேலி செய்தபோது வெட்கப்பட்ட அதே நூலுக்காக இப்போது ஏங்கினான். ராத்திரி பகலாக அவள் விரல் வலிக்க இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறாள், அடுத்தவன் தலைக்கு மேலே.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ ஏறுகிறார்கள். பலகையை மாட்ட எண்ணி மேலே வைத்தான், நிற்கவில்லை. திருப்பி வைத்தான், அப்போதும் நிற்கவில்லை. படியில் மச்சினி இறங்கி வந்தாள், கையில் அரிசி டப்பா. அவளுக்குப் பின்னால் இவன் மனைவி, கையில் போர்வை மூட்டை. பயணத்துக்குச் சாமான் அடுக்க வந்திருக்கிறார்கள்.

"மாமா, எங்க கூரைய ஏன் கைல வச்சிருக்கீங்க?" என்றாள் மச்சினி.

"மேல நட்டு லூசா இருக்கான்னு பாத்தேன்."

மச்சினி அண்ணாந்து பார்த்தாள். அந்த இடத்தில் வெறும் கூரைதான் இருந்தது. நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. அவள் அக்காவைப் பார்த்தாள்.

"நீ போய் வண்டில இருக்கற மிச்சத்த எடுத்துட்டு வா" என்று மனைவி தங்கையை அனுப்பினாள். போர்வை மூட்டையைக் கீழே வைத்தாள். பலகையின் பின்பக்கம் அவளைப் பார்த்துதான் இருந்தது.

"இது உன் கை" என்றான் நெட்டை.

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். நீங்க நாலு பேர் சிரிக்க வச்சீங்க. அவரு அன்னிக்குச் சாயங்காலமே வந்து, 'அண்ணி, நீங்க சொன்னீங்களே, அத எப்படிச் செய்யறது'ன்னு கேட்டாரு. காது குடுத்துக் கேட்டாரு. இந்த வருஷம் கை ஒழிஞ்சுது, செஞ்சேன்."

"அவன்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கே."

"சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. போவீங்களா இல்லையா?"

போவான். அதனால் அதை விட்டுவிட்டான். "சரி, சிவப்பு நூல் எதுக்கு? அது வீட்டு ஆளுங்களுக்குன்னுதானே சொன்னே?"

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகத்தில் வந்தது சிரிப்பா கோபமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. "என் தங்கச்சி வீடு வீடு இல்லாம தெருவா?" என்றாள்.

நெட்டை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உயரத்துக்கும் அந்தப் படகில் நிமிர்ந்தே நிற்க முடியும். ஆனாலும் தலை குனிந்துதான் இருந்தது. "எனக்குப் பொறுக்கல" என்றான். "ரெண்டு வருஷமா நீ இதுல போறதும் நான் தனியா வர்றதும். இப்ப இதையும் பாத்துட்டேன். எனக்கும் தைச்சுக் குடு."

"பஸ் சீட்டு மாதிரி இருக்குமே."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அந்த மரத்த என்ன செய்வீங்க?"

"உடைச்சு எடுத்துடறேன்."

அவள் அவன் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். "முதல்ல இத மாட்டுங்க. தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

மரத்தை உடைப்பது அடித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு பலகையும் அவன் பெருமையைச் சொல்லிக்கொண்டே பிளந்தது. நீள ஸ்க்ரூ போட்ட ஓட்டையையும் கண்டுபிடித்து அடைத்தான். மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படகில் ஏறினாள். சகலை படகின் அளவே போதாதா, இரண்டும் ஒரே அச்சுதானே என்று இவன் கேட்டதற்கு, "இரட்டைப் பிள்ளைன்னா ஒரே சட்டையா பொருந்தும்?" என்று மூலை மூலையாக அளந்தாள். நிஜம்தான், ஒரு ஜன்னல் வளைவு அரை விரல் தள்ளியிருந்தது. பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். சகலை முணுமுணுக்கவில்லை. கண்ணாடியை மட்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டான்.

பலகைகள் வந்தன, ஒட்டின, அழகாக இருந்தன. சகலையின் கூரையில் இருந்த அந்த ஒரு மூலை இழுப்புக் குறைகூட இதில் இல்லை. வேறு எவனாக இருந்தாலும் இதோடு கால் நீட்டிப் படுத்திருப்பான். நெட்டைக்கு மட்டும் புறப்படுகிற நாள் காலையில், அவள் வந்து சேருவதற்கு முன்னால், கை அரித்தது. அவள் படுக்கிற இடத்துக்கு மேலே இருந்த பலகையைப் பர்ர் என்று பிரித்தான்.

பின்பக்கம் அதே நெருக்கமான பின்னல். மங்கல் வெள்ளைத் துணிக்கு மங்கல் வெள்ளை நூல். ஒரு இழைகூடச் சிவப்பு இல்லை. வாடிக்கைக்காரனுக்குத் தைப்பது போல அப்படி ஒரு சுத்தம்.

வழியெல்லாம் அவன் அதை விழுங்க முடியாமல் வந்தான். நல்ல காற்று, நல்ல வெயில், அவள் இவன் படகில், இவன் பக்கத்தில். எதற்காக இரண்டு வருஷம் ஏங்கினானோ அது கிடைத்துவிட்டது. ஆனால் தொண்டையில் அந்த வெள்ளை நூல் மாட்டிக்கொண்டு நின்றது. தீவோரம் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டு முடித்து, மத்தியான வெயிலுக்குக் கேபினுக்குள் ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள். பக்கத்துப் படகில் சகலையும் மச்சினியும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான்.

"கேளுங்க."

"எனக்கு மட்டும் ஏன் வெள்ளை நூல்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "பிரிச்சாச்சா? எத?"

"உன் தலைக்கு மேல இருக்கறத."

"அவரு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கல. மாட்டிக் குடுத்தேன், நல்லாருக்கு அண்ணின்னாரு, அவ்வளவுதான். நீங்க பிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். பிரிச்சுப் பாக்கறவங்களுக்கு நான் வெள்ளை நூல்தான் போடுவேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. "மத்த பலகை எல்லாத்துலயும் அப்படித்தானா?" என்றான்.

"உங்க தலைக்கு மேலயே ஒண்ணு இருக்கே" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நெட்டை அண்ணாந்து பார்த்தான். அவன் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை, படுத்தபடியே கை எட்டும். ஒரு பர்ர், தெரிந்துவிடும். பக்கத்துப் படகில் சகலை மறுபடி சிரித்தான். நெட்டையின் கை மேலே போனது. விரல் நுனி பலகையின் ஓரத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி வந்து அவன் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது.

"என்ன, சத்தமே காணோம்?" என்றாள் அவள், திரும்பாமலே.

"தூங்கு" என்றான்.